சீஸ்தான் முதல் செந்துறை வரை

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "இன்ஜினியரிங் விஷயமா இருக்கலாம், ஆனா படிக்கிறவங்க தூங்கிடக் கூடாது." விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றியும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க அலைந்ததைப் பற்றியும் சுவைபட எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். ஆகவே நான் அந்தப் பக்கம் போகாமல், கடந்த நான்கு ஆண்டுகளாக என் விடுமுறை நாட்களை எல்லாம் விழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருளின் சரித்திரத்தை எழுதத் துணிந்தேன். அதுதான் செங்குத்து அச்சுக் காற்றாலை. பழைய எண்ணெய் டிரம்மில் செய்த அப்படிப்பட்ட ஒன்று செந்துறையில் எங்கள் கொல்லையில், முந்திரி மரங்களுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு சுற்றுகிறது.

செந்துறை எங்கே என்று கேட்கும் நண்பர்களுக்கு: விழுப்புரத்திலிருந்து திருச்சி போகும் கார்டு லைனில், விருத்தாசலம் தாண்டி, அரியலூருக்கு முன்னால். 1995 வரை நாங்கள் திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர் மாவட்டம், 2001-இல் அரியலூர் மாவட்டம், அடுத்த ஆண்டே மறுபடி பெரம்பலூர், 2007 முதல் மீண்டும் அரியலூர். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மாவட்டம்தான் எங்களைத் தாண்டித் தாண்டிப் போயிற்று.

காற்றாலை என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரியும் மூன்று இறக்கை ராட்சதன். அதன் அச்சு தரைக்குக் கிடையாகப் படுத்திருக்கும். காற்று எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசைக்கு முகத்தைத் திருப்ப வேண்டும். செங்குத்து அச்சு வகையோ மோர் கடையும் மத்து மாதிரி நின்றுகொண்டு சுற்றும். எந்தத் திசையில் காற்று வந்தாலும் அதற்குக் கவலை இல்லை. கனமான பாகங்களைக் கீழேயே வைத்துக்கொள்ளலாம். பற்றவைக்கத் தெரிந்தவர் எவரும் செய்துவிடலாம். வீட்டிலேயே காற்றாலை செய்யக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் இதில்தான் கை வைக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

புதிய கண்டுபிடிப்பு போலத் தோன்றும் இதுதான் உலகின் பழைய காற்றாலை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இன்றைய ஈரானும் ஆப்கானிஸ்தானும் சந்திக்கும் சீஸ்தான் பகுதியில் காற்றால் மாவு அரைப்பதைப் பத்தாம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே கோடையில் வடக்கிலிருந்து ஒரு காற்று கிளம்பும். அதற்குப் பெயரே "நூற்றிருபது நாள் காற்று". ஏறத்தாழ நான்கு மாதம் ஒரே திசையில் விடாமல் அடிக்கும். அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? நடுவில் ஒரு மரத் தண்டை நிறுத்தி, அதைச் சுற்றி நாணல் கட்டுகளை இறக்கைகளாகக் கட்டினார்கள். இரு பக்கமும் மண் சுவர் எழுப்பி, காற்று வரும் பக்கத்தில் பாதி வாயிலை மட்டும் திறந்து விட்டார்கள். திறந்த பாதியில் நுழையும் காற்று இறக்கையைத் தள்ளும். எதிர்த்துத் திரும்பி வரும் இறக்கையைச் சுவர் மறைத்துக்கொள்ளும். தண்டின் அடியில் எந்திரக்கல். அவ்வளவுதான், பல்சக்கரம்கூடக் கிடையாது. ஈரானின் கொராசான் பகுதியில் நஷ்டிஃபான் என்ற ஊரில் இந்த வகைக் காற்றாலைகள் வரிசையாக இன்றும் நிற்கின்றன.

அந்தச் சுவரை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அசையாத சுவர் அது. காற்று திசை மாறினால் ஆலை செத்துப்போகும். காற்று மாறாது என்று தெரிந்த ஊரில்தான் அப்படிக் கட்ட முடியும். அதாவது அவர்கள் முதலில் படித்தது காற்றை, பிறகுதான் ஆலையைக் கட்டினார்கள்.

பின்னால் வந்த ஐரோப்பியக் காற்றாலைகள் எல்லாம் கிடை அச்சு வகையாயின. செங்குத்து அச்சு அங்கே ஓரமாகவே கிடந்தது. 1924-இல் ஜெர்மனியில் ஆன்டன் ஃபிளெட்னர் என்பவர் பாய்மரத்துக்குப் பதிலாக இரண்டு உயரமான உருளைகளை வைத்து "புக்காவ்" என்ற கப்பலை ஓட்டினார். சுற்றும் உருளையின் மேல் காற்று பட்டால் பக்கவாட்டில் ஒரு விசை பிறக்கும். மேக்னஸ் விளைவு என்று படித்திருப்போம், கிரிக்கெட் பந்தும் அதே தத்துவத்தில்தான் காற்றில் வளைகிறது. ஆனால் உருளையைச் சுற்ற ஒரு எஞ்சின் வேண்டும். ஃபின்லாந்தைச் சேர்ந்த சிகுர்ட் சவோனியஸ் இதைப் பார்த்துவிட்டு, உருளையைக் காற்றே சுற்றிவிட்டால் என்ன என்று யோசித்தார். உருளையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் கொஞ்சம் விலக்கி, ஆங்கில "எஸ்" எழுத்து மாதிரி வைத்தார். சுற்றியது. 1929-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கப்பலுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. வேன்களின் கூரைமேல் உள்காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் சின்னஞ்சிறு சுழலியாகத்தான் உலகமெங்கும் போயிற்று.

அதை ஏழை நாடுகளின் கொல்லைக்குக் கொண்டு வந்தவர்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரேஸ் ஆராய்ச்சி நிலையத்தார். எண்ணெய் டிரம்மை வெட்டித் தண்ணீர் இறைக்கும் காற்றாலை செய்வது எப்படி என்று 1960-களில் ஒரு சிறு கையேடு போட்டார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் இது போன்ற கையேடுகளுக்குத் திடீரென்று மவுசு வந்தது. எண்ணெய் தட்டுப்பாட்டுக்கு எண்ணெய் டிரம்மே மருந்து!

இங்கே கொஞ்சம் கணக்கு பேசியாக வேண்டும். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு சூத்திரம். காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு. அதிலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையும் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் 1920 வாக்கில் நிறுவிவிட்டார். நல்ல மூன்று இறக்கை ராட்சதன் அந்த எல்லைக்கு அருகே போகிறான். டிரம் வகை 15 முதல் 25 சதவீதம் வரை எடுத்தாலே பெரிய காரியம். காரணம் எளியது. அது காற்றால் தள்ளப்பட்டுச் சுற்றுகிறது. காற்றின் வேகத்தை ஒட்டித்தான் அதன் விளிம்பு ஓடும். ஒரு பாதியைக் காற்று தள்ளும்போதே மறு பாதி காற்றை எதிர்த்து வந்துகொண்டிருக்கும். ஆனால் அந்த மெதுவான சுற்றில் நல்ல முறுக்கு விசை இருக்கிறது. லேசான காற்றிலேயே பம்பை நகர்த்திவிடும்.

செங்குத்து அச்சில் வேகக்காரன் ஒருவனும் உண்டு. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் டாரியஸ் 1931-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வகை அது. முட்டை அடிக்கும் கரண்டி மாதிரி வளைந்த இறக்கைகள். விமான இறக்கையைப் போலத் தூக்கு விசையால் சுற்றுவதால் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். அதையும் உலகம் மறந்துபோயிற்று. 1960-களின் இறுதியில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பீட்டர் சவுத், ராஜ் ரங்கி என்ற இருவர், டாரியஸ் என்று ஒருவர் இருந்ததே தெரியாமல் அதைத் திரும்பவும் கண்டுபிடித்தார்கள்.

அவர்கள் நாட்டில் மக்தலேன் தீவுகளில் 1977-இல் 230 கிலோவாட் டாரியஸ் ஒன்றை நிறுத்தினார்கள். இந்த வகை தானாகக் கிளம்பாது, முதலில் மோட்டார் வைத்துச் சுற்றிவிட வேண்டும் என்பது அப்போது எல்லோரும் நம்பிய பாடம். 1978 ஜூலையில் பராமரிப்புக்காக பிரேக்கைக் கழற்றி வைத்தார்கள். தானாகக் கிளம்பாதே, அப்புறம் என்ன? அன்றைக்குப் பார்த்து அது தானாகக் கிளம்பிவிட்டது. பிடிக்க பிரேக் இல்லை. வேகம் ஏறி ஏறி, ஸ்டே கம்பி அறுந்து, மொத்தமாகச் சாய்ந்தது. காற்றாலையோடு பழகும் எல்லோரும் இந்தச் செய்தியை ஒரு தாளில் எழுதி பட்டறைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். நான் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அதோடு கனடாக்காரர்கள் சோர்ந்துவிடவில்லை. கியூபெக் மாநிலத்தில் கேப்-ஷா என்ற இடத்தில் 110 மீட்டர் உயரத்துக்கு "இயோல்" என்ற டாரியஸைக் கட்டினார்கள். செங்குத்து அச்சில் அதுபோல் பெரியது உலகில் இல்லை. மொத்த எடையையும் தாங்கிய அடி பேரிங் கெட்டதால் 1993-இல் நின்றது. கலிபோர்னியாவில் ஃபிளோவிண்ட் என்ற நிறுவனம் 500-க்கும் மேற்பட்ட டாரியஸ்களை நட்டது. அந்த அலுமினிய இறக்கைகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை காற்றுக்கு முகத்தையும் ஒரு முறை முதுகையும் காட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் விசை ஏறி இறங்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிகிறதே, அதே கதைதான். 1997-இல் நிறுவனம் திவாலாயிற்று.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வகம் 1960-களில் டபிள்யூ.பி.-2 என்ற பல இறக்கைத் தண்ணீர்க் காற்றாலையை வடிவமைத்தது. 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் மார்க்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர் மாட்டு வண்டிச் சக்கரத்தில் மூங்கில்களைக் கட்டி, துணிப் பாய் விரித்து, கார் அச்சுத் தண்டில் மாட்டிக் காற்றாலை செய்தார். இரண்டும் கிடை அச்சு வகைதான். ஆனாலும் மாட்டு வண்டிச் சக்கரம் என்று படித்ததும் எனக்கு அந்த மனிதர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. நம் ஊரில் எது கிடைக்கிறது, எதைப் பழுது பார்க்க ஆள் இருக்கிறது என்று பார்த்துச் செய்திருக்கிறார்.

என் கதைக்கு நேரடி முன்னோர் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார்கள். அமுல்ய ரெட்டி அங்கே 1974-இல் "அஸ்திரா" என்ற கிராமத் தொழில்நுட்ப மையத்தைத் தொடங்கினார். பயோகேஸ், அடுப்பு, மண் கட்டடம் என்று அவர்கள் கை வைக்காத துறை இல்லை. அதே கழகத்தின் எஸ்.பி. கோவிந்தராஜுவும் ரொத்தம் நரசிம்மாவும் 1979-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாய்த்துணியால் ஆன சவோனியஸ் சுழலியைக் கொண்டு குறைந்த செலவில் தண்ணீர் இறைக்கும் காற்றாலை செய்வதுதான் அதன் பொருள். நரசிம்மா யார் என்று நம்மில் விமானவியல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொந்தளிப்புப் பாய்வில் உலகப் புகழ் பெற்றவர், பின்னாளில் தேசிய விமானவியல் ஆய்வகத்தின் இயக்குநர். அப்பேர்ப்பட்டவர் சிறு விவசாயியின் கிணற்றடிக்கு இறங்கி வந்து துணியையும் கம்பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். டிரம் ஒன்று 20 கிலோ கனம். துணி என்றால் எடை போயிற்று, கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காற்றாலை ஏன் நம் ஊர்க் கிணறுகளில் நிற்கவில்லை? என் யோசனையில் இரண்டு காரணங்கள். முதலாவது கரண்ட். தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரம் வேகமாகப் போய்ச் சேர்ந்தது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் அது இலவசமாயிற்று. இலவசத்தோடு எந்தக் காற்றாலை போட்டி போடும்? நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சோறே அந்தக் கரண்டில் விளைந்ததுதான்.

இரண்டாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. அது தண்ணீர் இறங்கிப் போனது. காற்றாலை தண்டில் 10 வாட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் நாள் முழுக்க உழைத்தால் தரும் சக்தியில் ஏழில் ஒரு பங்கு அது. பம்பில் பாதி வீண் என்றாலும், 10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து மணிக்கு 180 லிட்டர், அதாவது 12 குடம் தண்ணீர் வரும். ராத்திரி பகலாகச் சுற்றினால் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்துக்குப் பாயும். என் தாத்தா காலத்தில் எங்கள் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் அந்த மட்டத்தில்தான் இருந்தது. இன்றைக்கு எங்கள் போர்வெல்லில் மோட்டார் 300 அடிக்குக் கீழே தொங்குகிறது. அதே 10 வாட் அங்கிருந்து மணிக்கு 20 லிட்டர்தான் தூக்கும். ஒன்றேகால் குடம்! 1979-இல் போட்ட கணக்கில் தப்பில்லை. அந்தக் கிணறுதான் இப்போது இல்லை.

ஆகவே தண்ணீர் இறைக்கும் ஆசையை விட்டுவிட்டு, மாட்டுக் கொட்டகைக்கு விளக்கும், செல்போன் சார்ஜும் என்ற அளவில் என் காற்றாலையைத் தொடங்கினேன். காயலான் கடையில் இரண்டு 200 லிட்டர் டிரம், ஒரு பழைய கார் சக்கர ஹப் பேரிங்கோடு, கொஞ்சம் ஆங்கிள். வெல்டிங் பட்டறை அண்ணன் டிரம்மை நெடுக்காக வெட்டிக் கொடுத்துவிட்டு, "தம்பி, மாட்டுக்குத் தண்ணித் தொட்டியா?" என்றார். "காத்தாடிண்ணே" என்றேன். "இன்ஜினியருக்குப் படிச்சிட்டு காத்தாடியா!" என்று சிரித்தாரே தவிர, அடுத்த வாரம் பேலன்ஸ் பார்க்க அவரே கொல்லைக்கு வந்து நின்றார்.

முதல் ஆண்டு மூன்று பாதிகளை வைத்து ஓட்டினேன். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் 1977-இல் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, மூன்று கிண்ணத்தைவிட இரண்டே மேல் என்றும், இரண்டு கிண்ணமும் நடுவில் ஒன்றை ஒன்று அவற்றின் விட்டத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் தாண்டி நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. நம் காற்றிலும் அப்படித்தானா என்று கண்ணால் பார்க்க ஆசை. அப்படித்தான். இரண்டாக்கி, நடுவில் 8 சென்டிமீட்டர் இடைவெளி விட்டதும் பாட்டரிக்குப் போகும் ஆம்பியர் கண்ணுக்குத் தெரிய ஏறியது. மேலும் கீழும் வட்டத் தகடு வைத்ததில் இன்னும் கொஞ்சம். பிறகு இரண்டாவது டிரம்மை முதல் டிரம்மின் மேல் கால் சுற்றுத் திருப்பி அடுக்கினேன். ஒற்றை டிரம் சில கோணங்களில் நின்றால் காற்று அடித்தாலும் கிளம்பாது, முரண்டு பிடிக்கும். இரண்டு அடுக்கானதும் எந்தக் கோணத்திலும் ஒரு டிரம்மாவது காற்றை வாங்கிக்கொள்கிறது.

மின்னாக்கிதான் பெரிய பாடு. கார் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் கேட்கும். என் டிரம்மோ 4 மீட்டர் காற்றில் 57 சுற்று, 6 மீட்டர் காற்றில் 85 சுற்று. (மீட்டர் என்று நான் சொல்வதெல்லாம் வினாடிக்கு.) செயின், பல்சக்கரம் என்று போட்டால் இருக்கிற முறுக்கு விசையை அதுவே தின்றுவிடும். அதனால் நேரடியாகச் சுற்றும் காந்த மின்னாக்கி: தட்டு ஒன்றுக்கு 12 நியோடிமியம் காந்தமாக இரண்டு தட்டு, அவற்றுக்கு நடுவே பிசினில் வார்த்த 9 செம்புச் சுருள். அரியலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை அண்ணன், "தம்பி, நானும் இருபது வருஷமா கட்டுறேன், இரும்பே இல்லாத காயிலை இப்பதான் பாக்குறேன்" என்றார். இரும்பு இருந்தால் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும், லேசான காற்றில் சுழலி கிளம்பாது என்று சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டார். சுருளுக்கு 80 சுற்று என்று தொடங்கினோம். 7 மீட்டர் காற்றுக்கு மேல்தான் 12 வோல்ட் பாட்டரியில் கரண்ட் ஏறியது. அப்படிக் காற்று செந்துறையில் ஆடியில்தான் அடிக்கும், அதுவும் மத்தியானம். 150 சுற்றாக்கினோம். இப்போது 4 மீட்டரிலேயே ஏறத் தொடங்குகிறது. கம்பி மெலிந்ததால் பலத்த காற்றில் சுருள் சூடாகிக் கொஞ்சம் வீணாகிறது. எங்கள் ஊரில் பலத்த காற்று குறைவு, லேசான காற்று அதிகம். எனவே இந்த வியாபாரம் எனக்குக் கட்டுப்படியாகிறது.

வீட்டு மொட்டை மாடியிலிருந்து இறக்கி, கொல்லையில் 30 அடி கம்பத்தில், நான்கு ஸ்டே கம்பியோடு ஏற்றியது இன்னொரு திருத்தம். மாடியில் அக்கம்பக்கத்துச் சுவர்களில் மோதிக் கலங்கிய காற்றுதான் கிடைத்தது. முந்திரி மரத்துக்கு மேலே போனதும் அதே டிரம் வேறு டிரம் ஆகிவிட்டது. பிரேக்குக்கு மூன்று கம்பிகளையும் குறுக்கே இணைக்கும் ஒரு சுவிட்ச். மின்னாக்கியே சுழலியைப் பிடித்துக்கொள்ளும். அதை மட்டும் நம்பாமல் தண்டில் துளை போட்டு ஒரு இரும்பு முள்ளும் வைத்திருக்கிறேன். மக்தலேன் தீவுக்காரர்களை நினைத்துக்கொண்டு, ஏணியில் கால் வைக்கும் முன் முள்ளைப் போட்டுவிடுவேன்.

எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் சீஸ்தானிலிருந்து வந்தது. நோட்டில் திசையைக் குறித்து வந்ததில், ஆனியிலிருந்து ஆவணி வரை எங்கள் கொல்லையில் பெரும்பாலும் மேல்காற்றுதான். அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. ஆகவே மேற்கே, எதிர்த்து வரும் பாதிக்கு நேராக, கீற்றுத் தட்டி ஒன்றைக் கம்பத்தோடு கட்டினேன். 5 மீட்டர் காற்றில் 0.8 ஆம்பியராக இருந்தது 1.1 ஆயிற்று. செலவு, கீற்றும் கயிறும். ஐப்பசி பிறந்து காற்று வடகிழக்குக்கு மாறினால் தட்டியை அவிழ்த்துவிட வேண்டும். எத்திசைக் காற்றுக்கும் சுற்றும் என்பதுதான் இந்த வகையின் பெருமை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பெருமையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் லாபம் இருக்கிறது.

மொத்த வரவைச் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆடி நாள் ஒன்றுக்கு 200 வாட்-மணி. ஐப்பசியில் பல நாள் 10-ஐத் தாண்டவில்லை. 100 வாட் சோலார் பேனல் ஒன்று வெயில் நாளில் 400 வாட்-மணி கொடுக்கும், எண்ணெய் போட வேண்டாம், ஏணி ஏற வேண்டாம். இதை ஒளிக்காமல் சொல்லக் காரணம் உண்டு.

போன வருடம் என் சித்தப்பாவிடம் ஒருவர் பளபளவென்று ஒரு புத்தகத்தோடு வந்தார். வீட்டு மாடியில் வைக்கும் செங்குத்து அச்சுக் காற்றாலை, "1 கிலோவாட்", 24 மணி நேரமும் கரண்ட், விலை ஒன்றரை லட்சம். சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "நீதான் இதுல ஊறிப்போனவனாச்சே, என்னடா சொல்ற?" என்றார். சுழலியின் அளவைப் பார்த்தேன். அகலம் 1 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். பெட்ஸ் சொன்ன எல்லை வரை, ஒரு துளி வீணாகாமல் எடுத்தாலும் இந்த அளவில் 1 கிலோவாட் வர மணிக்கு 45 கிலோமீட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் 25 சதவீதம் என்றால் 60 கிலோமீட்டர். அதுவும் 24 மணி நேரமும். அப்படி ஒரு காற்று செந்துறையில் அடித்தால் முந்திரி பூ ஒன்றுகூட மரத்தில் நிற்காது. மாடியில் சாதாரணமாகக் கிடைக்கும் 4 மீட்டர் காற்றில் பெட்ஸ் கணக்குப்படியே 33 வாட்தான் உச்சம். கைக்கு வருவது பத்துக்குள். புத்தகத்தில் இருந்த எண் பொய் என்று சொல்ல முடியாது. எந்தக் காற்றில் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். சித்தப்பா சோலார் வைத்துக்கொண்டார்.

நம் தமிழ்நாட்டில் காற்று மின்சாரம் வளராமல் போகவில்லை. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் அரசு நட்ட சிறு காற்றாலைகளில் தொடங்கி, இன்று மாநிலத்தின் மொத்தத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. ஆனால் அவை நிற்பது பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மலை வழிவிட்ட இடங்களின் காற்றுப் பாதையில். அந்தக் காற்று எங்களுக்குக் கிடையாது. நண்பர்கள் யாராவது ஊரில் காற்றாலை வைக்க யோசித்தால், எந்தக் கம்பெனிக்கும் போன் செய்யுமுன் ஒரு காற்றுவேகமானியை வாங்கி, வைக்கப்போகும் உயரத்தில் மாட்டி, ஒரு வருடம் நோட்டில் எழுதுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல வேட்டி சட்டை விலைதான்.

என் கொல்லையில் அடுத்த வேலை டிரம்மை இறக்கிவிட்டு பெங்களூர்க்காரர்கள் செய்த மாதிரி துணிச் சுழலி கட்டுவது. எடை குறைந்தால் அடி பேரிங்கின் ஆயுள் கூடும், மாசி பங்குனியின் மந்தக் காற்றிலும் கிளம்பக்கூடும். துணிக்குப் பழைய ஃபிளெக்ஸ் பேனர்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், கட்சிக் கூட்டம் என்று எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. "மாப்பிள்ளை பொண்ணு தலைகீழா சுத்தாம பாத்துக்கடா" என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். சுற்றுவதைப் பார்க்க ஆசைப்படும் நண்பர்கள் ஆடி மாதம் வாருங்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல். ஐப்பசியில் வந்தால் நானும் டிரம்மும் சும்மா நின்றுகொண்டிருப்போம்.